சின்னம்மாவின் நெருப்புக்காய்ச்சல்

இருபத்தெட்டு வருஷம் பெண்கள் பாடசாலையில் உயிரியல் படிப்பித்தவள் நான். பரம்பரையலகு பற்றிய பாடம் வந்தால் எனக்குத் தனி உற்சாகம். பட்டாணிச் செடியின் படத்தைக் கீறி, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டுவேன். விளங்காமல் முழிக்கிற பிள்ளைகளை, மண்டைக்குள் என்ன களிமண்ணா என்று ஏசியும் இருக்கிறேன். அந்த நான்தான் ஆறு வருஷத்துக்கு முன்னர் ஓர் ஆஸ்பத்திரி மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு பொய் சொன்னேன்.

என் தங்கச்சிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. இடது மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று முடிவு வந்துவிட்டது. அவளுக்குப் பயத்தில் நாக்கு ஒட்டிப் போயிருந்ததால் கேட்ட எல்லாவற்றுக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வயது என்ன, பிள்ளைகள் எத்தனை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. படிவம் நிரப்பிக்கொண்டிருந்த இளம் டொக்டர் தலை நிமிராமலே, “குடும்பத்தில வேற ஆருக்கும் இந்த வருத்தம் இருந்ததா?” என்று கேட்டார்.

“ஒருத்தருக்கும் இல்லை,” என்றேன்.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் திடுக்கிடுகிறது. யோசித்துச் சொன்ன பொய்யென்றால் என்னை நானே நாலு கேள்வி கேட்கலாம். இது கொட்டாவி மாதிரி தன்பாட்டில் வந்த பொய்.

அதுவரைக்கும் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் கலியாணத் தரகர்களும் மாப்பிள்ளை வீட்டாரும் மட்டும்தான். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலை அம்மா எங்களுக்குப் பாடமாக்கி வைத்திருந்தா. என் சின்னம்மா, அம்மாவின் தங்கச்சி, முப்பத்தெட்டு வயதில் செத்துப்போனா. எனக்கு அப்போது பதின்மூன்று. மார்பில் புண் வந்து, வீட்டின் கடைசி அறையில் ஏழு மாதம் கிடந்தா. துணி மாற்றுகிற நேரம் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கு அம்மா சொன்னது நெருப்புக்காய்ச்சல். “ஆர் கேட்டாலும் அதைத்தான் சொல்லோணும். வீட்டில ரெண்டு குமர் இருக்கு,” என்று எங்களுக்கும் உத்தரவு. தங்கச்சிக்கு அப்போது ஆறு வயது. அவளும் ஒரு குமர்தானாம்.

பிறகு எனக்கு இருபத்தாறு வயதில் லூபஸ் வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற வருத்தம். வேலியே பயிரை மேய்கிற கதை. கன்னம் இரண்டும் சிவந்து, மூட்டெல்லாம் வீங்கி, சோக்கட்டியைப் பிடிக்க முடியாமல் வகுப்பில் நின்ற நாட்கள் உண்டு. அம்மா அதற்கும் பெயர் மாற்றினா. வாதம். அக்காவுக்கு இப்படியொரு வருத்தம் என்று தெரிந்தால் தங்கச்சியை யார் கட்டுவான் என்பதுதான் கேள்வி. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்து வை என்பார்கள். எங்களுக்கு இரண்டே பொய் போதுமாயிருந்தது. தங்கச்சிக்கு நல்ல இடத்தில் கலியாணம் நடந்தது, ஒரு மகளும் பிறந்தாள். எனக்கு நடக்கவில்லை. அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, சமைத்துப் போட ஆள் இல்லாத குறை எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.

தங்கச்சியின் மனுசன் மாரடைப்பில் போய்ப் பத்து வருஷமாகிறது. கொழும்பில் அவளும் மகளும் கொட்டாஞ்சேனையில், நான் வெள்ளவத்தையில். மார்புப் புற்றுநோயை வெட்டி, மருந்து ஏற்றி, கதிர் கொடுத்து ஒருவழியாகக் கரையேறினோம். ஐந்து வருஷம் தாண்டியதும் கோயிலுக்குப் போய் அர்ச்சனைகூடச் செய்தாள்.

இந்த வருஷம் அவளுக்கு வயிறு ஊதத் தொடங்கியது. சூலகத்தில், முட்டை விளைகிற பையில், புற்றுநோய். பழையது திரும்பி வரவில்லை, இது புதிதாக வேறொன்று. ஒப்பரேஷன் முடிந்து கீமோ ஏற்றிக்கொண்டிருக்கும்போது, இரண்டு இடத்தில் வந்திருக்கிறதே என்று டொக்டர் அவளுடைய இரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினா. முடிவு வந்த நாள் நானும் தங்கச்சியும் அவவின் அறையில் இருந்தோம். இவ முந்திய டொக்டர் இல்லை. கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் பிள்ளை, என்னிடம் ஆரம்பத்தில் படித்தவர்களைவிடச் சின்னவ. முதல் நாளிலிருந்தே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவா.

“பிறக்கும்போதே வந்த ஒரு பிழை இருக்கு டீச்சர். பிஆர்சிஏ டூ. இது வாப்பா பக்கத்தால இல்லாட்டி உம்மா பக்கத்தால வந்திருக்கும். ஆனா பழைய ஃபைல்ல குடும்பத்தில யாருக்கும் இல்லைன்னு இருக்கே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது. “எங்கட சின்னம்மாவுக்கு இருந்தது,” என்றேன். “மார்பில. முப்பத்தெட்டு வயதில செத்தவ.”

டொக்டர் ஃபைலைப் பின்னுக்குப் புரட்டினா. “அப்ப இதை யார் சொன்னது?”

“நான்தான்.”

அவ ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னா. “அது தெரிஞ்சிருந்தா அனேகமா அப்பவே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லியிருப்போம். இருக்குன்னு தெரிஞ்சிருந்தா சூலகத்தை முந்தியே எடுத்திருக்கலாம்.”

சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன், ஏதோ எனக்குத் தமிழ் விளங்காத மாதிரி. அவ திருப்பியும் அதையேதான் சொன்னா. தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த கைலேஞ்சியை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

டொக்டருக்கு எங்கள் இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாகிவிட்டது போல. பேச்சை மாற்றி, இனிச் செய்யப்போகிற வைத்தியத்தைச் சொல்லத் தொடங்கினா. நாளாந்தம் எங்கள் கலங்களுக்குள், அதாவது செல்களுக்குள், டிஎன்ஏ உடைந்துகொண்டேயிருக்கும், கலம் அதைத் தானே திருத்திக்கொண்டேயிருக்கும். அதற்கு ஒரு வழி மட்டுமில்லை, பல வழிகள். தங்கச்சியின் புற்றுநோய்க் கலங்களில் அதில் முக்கியமான ஒரு வழி பழுது. மற்ற வழியை வைத்துத்தான் அவை உயிர் தப்பிக்கொண்டிருக்கின்றன. கீமோ முடிந்த பிறகு ஒரு குளிசையைக் கொடுத்து அந்த மற்ற வழியையும் அடைப்பார்களாம். உடைந்ததைத் திருத்த வழியில்லாமல் புற்றுநோய்க் கலம் செத்துப்போகும். நல்ல கலத்துக்கு முதல் வழி திறந்திருப்பதால் அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

டீச்சர் புத்தி லேசில் விடாது. அந்த நிலைமையிலும், குளிசையால் மட்டும்தான் அப்படி அடைக்கலாமா என்று கேட்டேன்.

“இல்லை. பிறபொருளெதிரியை, அன்டிபொடின்னு சொல்றதை, வெச்சும் அடைக்கலாமான்னு பாக்கிறாங்க,” என்றா டொக்டர். “கலத்துக்குள்ள போய், அதின்ட நடுவில இருக்கிற கருவுக்கும் போய், டிஎன்ஏ திருத்துற வேலையைக் குழப்புற ஒரு பிறபொருளெதிரி இருக்கு. இந்தப் பிழை உள்ள கலங்கள் அதைத் தாங்க மாட்டாது. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, எங்கட கைக்கு வரல்ல.”

“பிறபொருளெதிரி கலத்துக்குள்ள போகாதே,” என்றேன். இருபத்தெட்டு வருஷம் அதைத்தான் படிப்பித்தேன். வெளியே நின்று சண்டை பிடிக்கும், உள்ளே போகாது. பரீட்சையில் உள்ளே போகும் என்று எழுதினவளுக்குப் புள்ளி வெட்டியிருக்கிறேன்.

“அதுதான் புதினம். சில வகை போகுது. முதல்ல எங்கேயிருந்து எடுத்தாங்கன்னு தெரியுமா? லூபஸ்ன்னு ஒரு வருத்தம் இருக்கு, டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கும். அதில உடம்பு தன்ட டிஎன்ஏக்கு எதிராவே பிறபொருளெதிரி செய்யும். அப்படியானதில ஒண்டுதான் இது.”

“எனக்கு லூபஸ்,” என்றேன்.

வைத்தியர் அல்லாத ஒருவர் கேட்கும்படி நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தங்கச்சி சட்டென்று திரும்பிக் கதவைப் பார்த்தாள், வெளியில் யாருக்கும் கேட்டுவிட்டதோ என்று. அந்த நேரத்திலும் அவளுக்கு அந்தப் பயம்.

“என்ர இரத்தத்தை எடுங்கோ,” என்றேன் டொக்டரிடம். “எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்கோ. அவளுக்குக் குடுங்கோ.” உயிரியல் டீச்சர் சொல்கிற கதையா இது. சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, ஆனாலும் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டேன்.

டொக்டர் என் கையைப் பிடித்துச் சட்டைக்கையை இறக்கிவிட்டா. லூபஸ் உள்ள எல்லோரிடமும் அந்த வகை இருக்காதாம். இருந்தாலும் இரத்தமாக ஏற்ற முடியாதாம். அந்த ஒன்றை மட்டும் பிரித்து, ஆய்வுகூடத்தில் மாற்றி, வளர்த்து, வருஷக்கணக்காகப் பரிசோதித்துத்தான் மருந்தாகுமாம். “உங்கட சோதனையையும் செய்வோம் டீச்சர். முக்கியமா மகளைக் கூட்டிட்டு வாங்க,” என்றா. “அவவுக்கு இருபத்தஞ்சு வயசு. பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தா முந்தியே பார்த்துக்கொள்ள எவ்வளவோ வழி இருக்கு.”

வெளியில் வந்து ஓட்டோவில் ஏறியும் எனக்குப் பதற்றம் அடங்கவில்லை. இவ்வளவு காலமும் வாதம் என்று பெயர் சொல்லி, குடையை விரித்துக் கன்னத்தை மறைத்துத் திரிந்த ஒன்றை, எங்கோ சிலர் மருந்துக்காகத் தேடி எடுத்திருக்கிறார்கள். அதுவும் சும்மா கிடைத்திருக்காது. எங்கேயோ என்னைப் போல ஒரு லூபஸ்காரி தன் வருத்தத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, கையை நீட்டியிருப்பாள் என்று நினைத்தேன். அவளுடைய அம்மாவும் என் அம்மாவைப் போல இருந்திருந்தால் இந்த ஆராய்ச்சியே நடந்திருக்குமோ தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது, முகம் தெரியாத அந்த லூபஸ்காரியில் பொறாமையாகவும் இருந்தது.

மருதானைப் பக்கம் வாகன நெரிசலில் நின்றபோது தங்கச்சிதான் முதலில் வாயைத் திறந்தாள். “அக்கா, நானும் பக்கத்திலதானே இருந்தனான். நீங்கள் சொல்லாட்டி நானும் அதைத்தான் சொல்லியிருப்பன்.”

அது எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னது. ஆனால் எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. சின்னம்மாவுக்கு என்ன வந்தது என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அவளுடைய உயிரைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு அவள் தன்னைப் பற்றி நினைக்கவேயில்லை.

“பிள்ளைக்கு இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ,” என்றாள் அடுத்ததாக. “ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகினம். பொருத்தமும் நல்லாயிருக்கு. கலியாணம் முடியட்டும், பிறகு ஆறுதலாப் பாப்பம்.”

“உனக்கு விசரா?” என்றேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பிறகு அவளுடைய மொட்டைத் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தபோது எனக்குச் சண்டை பிடிக்க மனம் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்த ஒப்பரேஷனை என்னவென்று சொல்லியிருக்கிறாய் என்று மட்டும் கேட்டேன். “ஹேர்னியா,” என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

சனிக்கிழமை தங்கச்சியின் மகள், என் பெறாமகள், வெள்ளவத்தைக்கு வந்தாள். அவள் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறாள், கெட்டிக்காரி, எதையும் நேராகக் கேட்கிறவள். மறுநாள் உடுக்கிற சேலைக்கு பிளவுஸ் அளவு சரியில்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு தையற்காரியிடம் போனாள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. தையற்காரி அளவு நாடாவை அவளுடைய மார்பைச் சுற்றிப் போட்டு, ஒரு விரல் உள்ளே விட்டு, “கொஞ்சம் மெலிஞ்சிட்டா. நான் உள்ளுக்குத் துணி விட்டிருக்கிறன். கலியாணத்துக்குப் பிறகு உடம்பு போட்டாலும் இதையே இளக்கிப் போடலாம்,” என்று சொன்னா.

நான் அந்த நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னம்மாவுக்குக் கொண்டுபோன தண்ணியின் மணம் அப்படியே மூக்கில் ஏறியது. நாற்பது வருஷமாக நினைக்காத மணம். வெளியில் வந்து படியில் இருந்துவிட்டேன்.

அவள் பிளவுஸ் பையோடு பின்னால் ஓடிவந்தாள். “என்ன பெரியம்மா, தலை சுத்துதா?”

அங்கேயே, அந்தப் படியிலேயே சொன்னேன். சின்னம்மா செத்தது நெருப்புக்காய்ச்சலில் இல்லை என்பது, என் வாதம் வாதம் இல்லை என்பது, அவளுடைய அம்மாவின் இரத்தத்தில் என்ன பிழை இருக்கிறது, அது அவளுக்கும் பாதிக்குப் பாதி வந்திருக்கலாம் என்பது, எல்லாம். படிப்பிக்கிற மாதிரி ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை, முன்னுக்குப் பின்னாகத்தான் வந்தது. கடலோரத் தண்டவாளத்தில் ரயில் ஒன்று போனபோது நிறுத்திவிட்டு, அது போனதும் மிச்சத்தைச் சொன்னேன்.

அவள் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “ஆறு வருஷத்துக்கு முந்தி நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தா அம்மாவுக்கு இந்த ரெண்டாவது வந்திருக்காதா?” என்று கேட்டாள்.

பத்து விதமாகப் பதில் சொல்லலாம். அனேகமாக, டொக்டரால் நிச்சயமாகச் சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் இந்தச் சோதனை இங்கே அவ்வளவாக இல்லை. இவையெல்லாம் வாய் வரைக்கும் வந்தன.

“வந்திருக்காது,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. காலி வீதிக்கு ஏறிப்போய், ஓர் ஓட்டோவை மறித்து, தனியாகப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மாப்பிள்ளைப் பெடியனைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டு, யோசித்துச் சொல்லுகிறோம் என்று எழும்பிப் போனார்கள். இன்றுவரை யோசித்து முடியவில்லை. தங்கச்சி எனக்குப் போன் எடுத்து, நான் பிறந்ததே அவளுடைய குடியைக் கெடுக்கத்தான் என்றாள். போனை வைத்த பிறகு நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த கீமோவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக நான்தான் போக வேண்டும், பெறாமகளுக்கு லீவு இல்லை. தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே என் தோளில் சாய்ந்து நித்திரையானாள்.

இதற்கிடையில் என் சோதனையின் முடிவு வந்தது. எனக்கு அந்தப் பிழை இல்லை. டொக்டர் சந்தோஷமாகச் சொன்னா. நான் ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன். பிள்ளை குட்டி இல்லாத, அரைவாசி உடம்பு ஏற்கெனவே பழுதான எனக்கு எதற்கு இந்த நல்ல செய்தி.

பெறாமகள் சோதனைக்குத் தனியாகத்தான் போனாள். என்னோடு ஆறு கிழமை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அனுப்பிய செய்திகளைப் பார்த்ததற்கு அடையாளம் வரும், பதில் வராது. அது நியாயம்தான் என்று எனக்கு விளங்கியது, ஆனாலும் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன கிழமை தங்கச்சிக்குக் கடைசிக்கு முந்திய கீமோ. பக்கத்துக் கதிரையில் இருந்து அவளுக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். தாதி மிஸ்ஸி வந்து மருந்துப் பையை மாற்றிவிட்டுப் போன கையோடு என் போன் அடித்தது. பெறாமகள்.

“பெரியம்மா, எனக்கும் இருக்கு,” என்றாள். குரல் நடுங்கவில்லை. அலுவலகத்தில் இருந்து கதைக்கிறாள் போல, பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குத்தான் தோடம்பழம் கையிலிருந்து விழுந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவள் விடவில்லை.

“அம்மாட்டச் சொல்லாதேங்கோ. அவ தாங்கமாட்டா. கீமோ முடிஞ்சு குளிசை தொடங்கட்டும். கேட்டா, எனக்கு இல்லையாம் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா நம்புவா.”

ஓம், நான் சொன்னால் நம்புவாள். எந்த மேசைக்கு முன்னாலும் நான் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். அந்தப் படியில் என்னைப் பார்த்த அதே பிள்ளைதான் இதைக் கேட்கிறாள், அதுவும் தாயில் உள்ள பாசத்தில் கேட்கிறாள். “அப்பிடியே செய்யிறன், பிள்ளை,” என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைக் கண்டு நானே பயந்துபோனேன்.

தங்கச்சி கண்ணைத் திறந்து, “ஆர் அக்கா போனில?” என்று கேட்டாள்.

“உன்ர மகள்,” என்று சொல்லி, ஊசி ஏற்றாத அவளுடைய மற்றக் கையில் போனை வைத்தேன்.